ஏட்டுச் சுரைக்காயும் மஞ்சள் வேக்காடும்: கோட்பாடு, நடைமுறை பற்றிய மேலை மெய்யியலை வாசிக்கும் முறை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நாம் சொல்வது போலவே, 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியரும் "கோட்பாட்டில் அது சரியாக இருக்கலாம், நடைமுறைக்கு உதவாது" என்று சொல்லி வந்தார்கள். அந்தச் சொலவடையையே தலைப்பில் வைத்து, அதை மறுத்து, ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1793ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லினிலிருந்து வந்த மாத இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். திருப்பூரின் சாயப் பட்டறையிலோ, கோவையின் வார்ப்புப் பட்டறையிலோ, ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் காட்டிலோ கைவேலை பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கட்டுரையும் இதைச் சூழ்ந்த நூல்களும் எட்டாதவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. அவற்றை வாசிக்கும்போது நமக்குத் தெரிந்த வேலை ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கை நன்றாக அறிந்த ஒரு வேலையைத் தேர்ந்து, அதைச் செய்யவே தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நான் எடுத்துக்கொண்டது மஞ்சள் வேகவைப்பது. கிழங்கைக் கழுவி, கொப்பரையில் இட்டு, மூழ்கும் அளவு நீர் விட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவைத்து, நுரை பொங்கி வெள்ளாவி எழுந்து வாசம் வந்து, வெந்ததும் இறக்கி, களத்தில் 10 முதல் 15 நாள் காயவைக்க வேண்டும் என்று எழுதினேன். வேகாமல் இறக்கினால் காய்ந்த மஞ்சள் நொறுங்கும். மிகுதியாக வெந்தால் நிறம் கெடும் என்பதையும் சேர்த்தேன். எழுதி முடித்த பிறகுதான், "வெந்ததும் இறக்கு" என்ற சொற்களுக்குள் வேலை முழுவதும் ஒளிந்திருப்பதைக் கண்டேன். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஒரு கிழங்கை எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு குச்சியைக் குத்திப் பார்ப்பார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் வேகோணும் கண்ணு" என்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவரிடம் எண் இருக்காது. உங்கள் பக்கத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அதன் கீழே ஒரு கோடு இடுங்கள். நம் வழக்கில் அதற்கு ஒரு சொல் உண்டு: பதம்.

இனி அரிஸ்டாட்டிலிடம் செல்லலாம். நிக்கோமாக்கிய அறவியல் நூலை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ஆறாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நாம் இரண்டாகப் பேசுவதை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். மாறாதவற்றை அறிவதற்காகவே அறிவது தியோரியா. இச்சொல்லின் பழைய பொருள் பார்த்தல். ஒரு பொருளை ஆக்குவது பொயேசிஸ். அதன் பயன் ஆக்கப்பட்ட பொருளில் இருக்கிறது. செயலே தன் பயனாக அமைவது பிராக்சிஸ். நன்றாக நடந்துகொள்வது என்பது இதில் அடங்கும். தமிழில் பின்னிரண்டையும் 'நடைமுறை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். வாசகர் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மஞ்சளை வேகவைப்பது பொயேசிஸ். மழையில் நனைந்த மூட்டை ஒன்று இருப்பதை வாங்குபவரிடம் சொல்வதா என்பது பிராக்சிஸ். முன்னதற்கு வேண்டிய அறிவை டெக்னே என்றும், பின்னதற்கு வேண்டியதை ஃபுரோனேசிஸ் என்றும் அவர் அழைக்கிறார். நூலில் 'செயல்' என்று வரும் இடங்களில் எல்லாம் எதைச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. எளிதில் செரிக்கும் இறைச்சி உடலுக்கு நல்லது என்று தெரிந்தும், எந்த இறைச்சி எளிதில் செரிக்கும் என்று தெரியாதவரால் நோயாளிக்கு நலம் தர முடியாது. பறவை இறைச்சி நல்லது என்று மட்டும் அறிந்தவரால் முடியும். இதைப் படித்தவுடன் அனுபவமே பெரிது என்று முடிவுகட்டிவிடாமல், அரிஸ்டாட்டிலின் மீவியற்பியல் (Metaphysics) நூலின் முதல் இயலையும் சேர்த்துப் படியுங்கள். அனுபவமில்லாமல் விளக்கம் மட்டும் கற்றவரைவிட அனுபவம் உள்ளவரே அடிக்கடி வெற்றி பெறுகிறார் என்று அங்கும் ஒப்புக்கொள்கிறார். மருத்துவர் குணப்படுத்துவது பொதுவான மனிதனை அல்ல, காலியாஸ் அல்லது சாக்ரட்டீஸ் என்னும் ஒருவரை என்பது அவர் தரும் காரணம். ஆயினும், ஏன் என்று அறிந்தவரே கற்பிக்க வல்லவர் என்பதால் அவரையே மேலான அறிவுடையவராகக் கொள்கிறார். என் பக்கத்துக்கு இது நேரே பொருந்துகிறது: வேகும்போது கிழங்கின் மாவுச்சத்து களியாகி, நிறம் ஒருசீராகப் பரவி, முளைக்கும் திறன் போய்விடுகிறது என்ற காரணத்தை அப்புச்சி சொன்னதில்லை, நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பதம் பார்க்க அவருக்குத்தான் தெரிந்தது.

இந்த இடைவெளியோடு காண்ட்டிடம் வாருங்கள். கட்டுரையின் முன்னுரை சில பக்கங்களே. அதை மூன்று முறையாவது படிக்க வேண்டும். கோட்பாடு எவ்வளவு முழுமையாக இருந்தாலும், அதற்கும் நடைமுறைக்கும் இடையே ஓர் இணைப்பு வேண்டும். இந்த நேர்வு இந்த விதிக்குள் வருகிறதா என்று பிரித்தறியும் தீர்மான ஆற்றலே அது என்கிறார். அந்த ஆற்றலுக்கும் விதி தர முயன்றால், அந்த விதியைப் பொருத்த இன்னொரு விதி வேண்டும், அதற்கும் இன்னொன்று என முடிவில்லாமல் போகும். நீங்கள் கோடிட்ட இடம் இதுதான். அடுத்து அவர் சொல்வது நம் சொலவடைக்கு நேரான பதில்: கோட்பாடு பயன்படாமல் போனால் கோட்பாடு போதவில்லை என்று பொருள். பள்ளியை முடித்து வரும் மருத்துவரோ உழவரோ தம் சோதனைகளிலிருந்து புதிய விதிகளை எடுத்துத் தம் கோட்பாட்டை நிரப்பிக்கொள்ளலாம், நிரப்பிக்கொள்ளவும் வேண்டும் என்கிறார். உழவரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த இடம். பீரங்கிக் குண்டு கணக்குப்படி விழவில்லை என்றால் கணக்கைத் தூக்கி எறியாமல் காற்றின் தடையையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது அவர் தரும் இன்னொரு எடுத்துக்காட்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முன்னுரைக்குப் பின்வரும் மூன்று பகுதிகள் தனிமனித அறம், அரசு, நாடுகளுக்கிடையிலான உறவு ஆகியவற்றைப் பற்றியவை. கார்வே, ஹாப்ஸ், மெண்டல்சோன் ஆகிய மெய்யியலாளர்களுக்கு எதிராக எழுதப்பட்டவை. அங்கே கோட்பாடு அனுபவத்தால் திருத்தப்படுவதில்லை. கடமை என்ற கருத்தே அடிப்படையாகிறது. நனைந்த மூட்டையை மறைப்பது ஊர் வழக்கம் என்பதால் உண்மை பேச வேண்டும் என்ற விதி குறைந்துவிடாது. உழவருக்குச் சொன்னதை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் அவர் வாதம் தலைகீழாகிவிடும். மேலும், 1781இல் வந்த தூய அறிவின் விமரிசனத்தில் அவர் எடுத்துக்காட்டுகளைத் தீர்மான ஆற்றலின் நடைவண்டி என்கிறார். அவை விதியைத் துல்லியமாகப் புரிந்துகொள்வதைக் கெடுக்கவும் கூடும் என்கிறார். ஆகவே என் மஞ்சளையும் உங்கள் வேலையையும் நடைவண்டியாகவே கொள்ளுங்கள். பத்தியின் வாதத்தை எடுத்துக்காட்டு இல்லாமல் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

மார்க்ஸை இதற்குப் பிறகே எடுங்கள். ஃபாயர்பாக் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளரைப் பற்றி 1845இல் எழுதி, 1888இல் எங்கெல்ஸ் வெளியிட்ட குறிப்புகளில், உலகை மாற்ற வேண்டும் என்னும் பதினோராவதை மட்டும் எல்லோரும் அறிவார்கள். இரண்டாவதைச் சேர்த்து வாசித்தால்தான் அது விளங்கும்: சிந்தனையின் உண்மையை மனிதன் நடைமுறையில் மெய்ப்பிக்க வேண்டும் என்கிறார்.

கடைசியாக, ஆங்கிலேய மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட 'மனம் என்னும் கருத்து' (The Concept of Mind) நூலில், செய்யத் தெரிவதையும் இன்னது என்று தெரிவதையும் பிரிக்கும் இயல். அறிவோடு செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு விதியை மனத்துக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால், அந்த எண்ணிப் பார்த்தலும் ஒரு செயல்தானே, அதற்கு முன்னால் எதை எண்ணுவது என்று கேட்கிறார். காண்ட் கண்ட அதே முடிவிலி இங்கும் வருகிறது. ஆனால் ரைல் அதைக்கொண்டு, திறமான நடைமுறை அதன் கோட்பாட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது என்ற முடிவுக்குச் செல்கிறார். இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்று நான்கு வரியில் எழுதிப் பாருங்கள். பிறகு, முதலில் எழுதிய பக்கத்தை அந்த வேலையை முதன்முறையாகச் செய்யும் ஒருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, அவர் எந்தெந்த இடத்தில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு காண்ட்டின் முன்னுரையை நான்காம் முறை எடுங்கள்.