உப்புக்காற்றுச் சாலையில் பழைய கார்: இராமநாதபுரம் கடற்கரையில் ஓட்டுவோருக்கு

மண்டபத்தைக் கடந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியவுடன், முன்னால் போகும் சுற்றுலா வண்டிக்காரர் பக்கத்திலுள்ள ரயில் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் சட்டென்று பிரேக்கை மிதிப்பது அன்றாடக் காட்சி. அவருடைய வண்டியில் டிஸ்க் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருப்பதால் அது குறைந்த தூரத்திலேயே நேராக நின்றுவிடும். அவருக்குப் பின்னால் வரும் என்னுடைய 1968-ஆம் ஆண்டு அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அதை அழுத்துவதற்கு என் காலின் பலத்தைத் தவிர வேறு துணை கிடையாது. சாலையில் போகிறவர்கள் பழைய காரின் அழகைப் பார்க்கிறார்கள்; அது எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கில்லை. அந்தக் கணக்கு முழுவதும் ஓட்டுகிறவரின் பொறுப்பு. உப்பும் மணலும் காற்றும் அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும் இந்தக் கடற்கரையில், பழைய காரை எப்படிப் பத்திரமாக ஓட்டுவது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி செய்யப்பட்டது. அப்படிப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் அடங்கிய எண் கிடைக்கும். அதைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வழக்கமான பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்: கிளம்புவதற்கு முன்

பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் ஆயில் ஓடும் வழி ஒன்றே ஒன்று. இன்றைய கார்களில் இரண்டு தனித்தனி வழிகள் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். நம்முடைய வண்டியில் ஒரு பைப் உடைந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இல்லாமல் போய்விடும். கீழக்கரையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இதை எனக்குப் புரியவைத்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் ஆக்ஸிலுக்கு மேலே ஓடும் மெல்லிய பைப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். வெளியே வெறும் பழுப்பு நிறமாகத் தெரிந்த இடம் செதிள் செதிளாக உரிந்து, உள்ளே கடுகளவு குழி தெரிந்தது. பிரேக்கில் காற்று ஏறினால் காலுக்குத் தெரியும், பைப் அரிப்பது காலுக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். முந்தைய வாரம் அதே வண்டியில்தான் குடும்பத்தோடு தேவிபட்டினம் போய் வந்திருந்தேன்.

ஆகவே கடற்கரையில் ஓடும் வண்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பைப்புகளை முழுநீளமும் துடைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த பைப்பை ஒட்டுப்போடாமல் மாற்றிவிட வேண்டும். ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. டாட் 3 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தக் கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதோடு, அந்த ஈரம் சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இங்குள்ள ஈரக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் வடித்து மாற்றுவதுதான் சரி.

பிரேக் விழுந்துவிட்டால் எஞ்சியிருப்பது ஹேண்ட் பிரேக். அது கம்பி மூலம் பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பதால் வண்டியை மெதுவாகத்தான் நிறுத்தும். ஆளில்லாத பொட்டலில் 20, 30 கி.மீ. வேகத்தில் அதை மட்டும் கொண்டு நிறுத்திப் பழகுங்கள். பிரேக் மிதியைப் பலமுறை வேகமாக மிதித்துப் பார்ப்பது, கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது, ஹேண்ட் பிரேக்கைச் சீராக இழுப்பது என்ற மூன்றும் யோசிக்காமல் அடுத்தடுத்து வர வேண்டும்.

உங்கள் காரின் தூரம்

அதே பொட்டலில் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, 40 கி.மீ. வேகத்தில் வந்து கல்லைத் தொடும் இடத்தில் பிரேக்கை அழுத்துங்கள். வண்டி நின்ற இடம் வரை எட்டு வைத்து எண்ணுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் இரண்டேகால் மடங்காகும், 80-இல் நான்கு மடங்காகும். ஆபத்தைக் கண்டு கால் மிதிக்கு வருவதற்குள் ஓடும் தூரம் இதில் சேராது, 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பரமக்குடிக்குக் கிழக்கே இருவழியாகக் குறுகும் சாலையில் 50 கி.மீ.க்கு மேல் போகத் தோன்றாது.

முன்வண்டிக்கும் நமக்கும் குறைந்தது நான்கு விநாடி இடைவெளி வேண்டும். முன்வண்டி ஒரு புளியமரத்தைக் கடந்ததும் 'இராமநாதபுரம்' என்று நிதானமாக நான்கு முறை சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த மரத்தை அடைந்துவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள் என்று பொருள். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிளோ மீன் ஏற்றிய டாடா ஏஸோ நிச்சயம் புகும். புகட்டும். காலை எடுத்து மறுபடியும் இடைவெளியை உண்டாக்குங்கள். மீன் வண்டிக்குப் பின்னால் இன்னும் தள்ளியே போக வேண்டும். அதிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் தார்ச்சாலையை வழுக்கலாக்கும், ஏ.பி.எஸ். இல்லாத சக்கரம் அங்கே பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை.

காற்றும் மணலும்

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. இருபுறமும் காற்றைத் தடுக்க எதுவும் கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் இராமேசுவரம் நோக்கிப் போகும்போது தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். வண்டி இடப்புறம் ஒதுங்காமலிருக்க நம் கை தானாகவே ஸ்டீயரிங்கைச் சற்று வலப்புறம் பிடித்திருக்கும். எதிரே வரும் பேருந்து நம்மைக் கடக்கும் நொடியில் அது காற்றை மறைத்துவிடுவதால், அந்தப் பிடி வண்டியைப் பேருந்தின் பக்கமே இழுக்கும். பேருந்து போனதும் காற்று மறுபடியும் அறையும். பேருந்தின் முகம் நெருங்கும்போதே பிடியைத் தளர்த்தி நேராக்கி, அது கடந்ததும் மீண்டும் பிடிக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் ஆட்டம் உள்ள வண்டியில் இதைச் செய்யவே முடியாது. அந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் பாலத்தில் ஏறாதீர்கள். ஃபியட் 1100-இன் தொடக்க கால மாடல்களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருப்பதால், தாழ் சரியாக விழவில்லையென்றால் காற்று கதவைப் பிடுங்கி விரித்துவிடும். ஒவ்வொரு கதவையும் வெளியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் காற்று கொண்டுவரும் மணல் தாரின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் பிரேக்கைத் தொடாமல் கடப்பது நல்லது. புகைப்படத்துக்காகக் காரைக் கடல்நீரில் இறக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. டிரம்முக்குள் நீர் புகுந்தால் அடுத்த சில மிதிகளுக்குப் பிரேக் பிடிக்காது, உப்பு அதன் பிறகும் பல மாதம் உள்ளே வேலை செய்யும். மழைநீரில் இறங்க நேர்ந்தால், வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்திக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

பிறர் கண்ணுக்குத் தெரிவது

பழைய காரின் பிரேக் விளக்கு பகல் வெயிலில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. எல்.இ.டி. பல்பு போடலாம், ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், அதற்குப் பொருந்தாத பல்பு எரியாது. கைச்சைகை இன்றைய இளைஞர்கள் பலருக்குப் புரிவதில்லை என்பதால் இண்டிகேட்டர் கட்டாயம் வேண்டும். இருட்டிய பிறகு, ஆடும் மாடும் படுத்திருக்கும் சாயல்குடிப் பக்கத்துச் சாலையில் நான் பழைய காரை எடுப்பதே இல்லை.

அன்பினால் வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் பையன்கள் பக்கத்திலேயே ஒட்டி வந்து செல்போனில் படம் எடுப்பார்கள், பிறகு முன்னால் போய் வேகத்தைக் குறைப்பார்கள். அவர்களுக்குக் கையசைக்காமல், வேகத்தையும் கூட்டாமல், இடப்புறம் ஒதுங்கி அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஆசை தீரப் படம் எடுக்கவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் இளகிக் கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ்களுக்கு மாறிவிட்டு, ஒரு தீயணைப்பானை டிக்கியில் வைக்காமல் முன் சீட்டுக்கு அருகே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். அதற்கு முன், கழுவாத சூட்டோடு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை) திரும்பாமல் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்காமல் மறுநாள் சாவியை எடுக்காதீர்கள்.