புழு எச்சத்தை மிளகாய்ச் செடிக்கு உரமாக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், சமையல் கழிவைக் கொண்டு கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களை வளர்ப்பவர்கள், புழுவைக் கோழிக்குப் போட்டபின் மிஞ்சும் எச்சத்தைச் செம்பனை ஓரத்தில் கொட்டிவிட வேண்டியதில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகளும் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), புழுக்கள் உரித்த தோலிலிருந்து வரும் கைட்டின் என்னும் ஓட்டுப்பொருளும் அதில் உள்ளன.

சலித்தெடுத்த எச்சத்தை உடனே செடிக்கு இட்டால் அதிலுள்ள அமோனியா இளவேரைக் கருக்கிவிடும் என்பதால், மழை படாத கூரையின்கீழ்க் குவித்து, வாரம் ஒருமுறை கிளறி, நான்கைந்து வாரம் மட்கவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் மூக்கை அரிக்கும் நெடி இல்லாமல் மண்வாசனை மட்டுமே வர வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியம் விற்பனைக்கான எச்சத்தை, நோய்க்கிருமிகள் அழிய, 70 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கச் சொல்கிறது. வீட்டில் அது கடினம். ஆகவே பச்சையாக உண்ணும் கீரைக்கு இதைத் தவிர்ப்பது நல்லது.

மிளகாய்ச் செடி வளர்க்கும் பைக்கு, பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய எச்சம் போதும்.