இறங்கும்போது விரல் வலி, காரணம் லேஸ்

மார்ச்சில் நானும் மனைவியும் முதன்முறையாக, கோவை பக்கம் ஏழு மலை ஏற வேண்டிய வெள்ளியங்கிரி ஏறினோம். அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் தடி வாங்கியதுதான் எங்கள் தயாரிப்பு. மூன்றாவது மலையிலேயே மூச்சு வாங்கித் திரும்பினோம், இறங்கும்போதுதான் இருவருக்கும் கால் கட்டைவிரல் நகம் வலியில் தெறித்தது. மறுநாள் எனக்குக் கறுத்தே போனது.

ஷூ சின்னது என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மருதமலைப் படிகளில் இறங்கிப் பார்த்தால் இன்னும் மோசம். தடித்த சாக்ஸ், அதுவும் வீண். அப்புறம்தான் கவனித்தேன், ஏறும்போது குதிகால் பின்னால் பதிகிறது, இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல் மோதுகிறது.

பல ஷூக்களின் மேல் ஓரத்தில் இரண்டு பக்கமும் யாரும் தொடாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். அதில் லேஸை அதே பக்கமாகவே விட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம் வைத்து, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டேன், பழைய ஷூவிலேயே. குதிகால் அசையவில்லை.

ஏப்ரலில் ஏழாவது மலை வரை போய் இறங்கினோம். முழங்கால் பிடித்துக்கொண்டது, அது வேறு கதை, நகம் தப்பித்தது.