"பன்னிரண்டு தளத்துல இருக்கு சார்!"

இணையத்தில் படிப்பதைச் சரிபார்க்கப் பிள்ளைகளுக்குப் புது ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள், வரிசைகூட மாறாமல். எழுத்துப்பிழையைப் பார், தேதியைப் பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

"மூன்று தளங்களிலாவது இருக்கிறதா பார்"

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு புது ஆசிரியர் திருநள்ளாறு கதையைக் கொடுத்தார். கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாம், நாசாவே திகைத்துப்போனதாம். லேபில் தேடிய ஒரு பையன் எழுந்து, "பன்னிரண்டு தளத்துல இருக்கு சார், உண்மைதான்" என்றான். சொல்லிக்கொடுத்த விதிப்படி அவன் செய்தது சரி. ஆசிரியருக்குத்தான் பேச்சு வரவில்லை.

பன்னிரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தேன். அதே பத்தி, அதே ஆச்சரியக்குறிகள். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி என்று ஒன்றிலும் இல்லை. ஒருவன் எழுதியதைப் பதினொரு பேர் காப்பியடித்தால் சாட்சி ஒன்றுதான். (தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கி.மீ. ஓடுகிறது, அந்த ஓட்டம் நின்றால் விழவேண்டியதுதான். அதை இயற்பியல் வாத்தியார் பார்த்துக்கொள்வார்.)

தளங்களை எண்ணச் சொல்லாதீர்கள். முதலில் சொன்னது யார் என்று பின்னால் போகச் சொல்லுங்கள். 'விண்வெளியிலிருந்து தீபாவளி' என்று வருடா வருடம் சுற்றுகிற வண்ணப்படம் இதற்கு நல்ல பயிற்சி. கூகுள் லென்ஸில் போட்டுத் தோண்டினால், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) விஞ்ஞானி ஒருவர் பல வருட இரவொளித் தரவுகளை அடுக்கிச் செய்த படம் அது என்று தெரியவரும். நீலம் 1992-ல் புதிதாகத் தெரிந்த விளக்குகள், பச்சை 1998, சிவப்பு 2003. உண்மையான தீபாவளி இரவு எப்படி இருக்கும் என்று நாசா 2012 நவம்பரில் ஒரு படம் வெளியிட்டது. கறுப்பு வெள்ளையில், மற்ற இரவுகளைப் போலத்தான் இருக்கிறது.

"டாட் ஆர்க் என்றால் நம்பலாம்"

.org என்று முடியும் இணைய முகவரி, காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும்.

"விக்கிப்பீடியா பக்கமே போகாதே"

போகட்டும். அடிக்குறிப்புகளைத் திறக்கச் சொல்லுங்கள்.

பொய்களை மட்டுமே பாடமாக வைப்பது

நான்கு வகுப்பு இப்படிப் போனால் எதைக் காட்டினாலும் "ஃபேக் சார்" என்பார்கள். புயல் எச்சரிக்கையைக்கூட. நம்ப முடியாத உண்மைகளையும் நடுவில் கலந்துவிடுங்கள். நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரம், தமிழ் எழுத்து பொறித்த ஒரு கப்பல் மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி கண்ணில் பட்டது என்று கொடுத்துப் பாருங்கள். வகுப்பே சிரிக்கும். மணி வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.