ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தைத் தேடுங்கள்

வீட்டிலேயே காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுபவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத்தான். ஃபில்டரைக் கழற்றும்போது சில நேரம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொள்ளும், கறுப்போடு கறுப்பாகக் கண்ணுக்கும் தெரியாது, அதன் மேலேயே புதியதை மாட்டிவிட்டால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடித்துத் தரையெல்லாம் கொட்டிவிடும். எனக்கு நடந்திருக்கிறது. அதனால் அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். வளையம் எஞ்சினைத் தொட்டபின் முக்கால் சுற்று போதும், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்தமுறை கழற்றுவது பெரும்பாடு.

இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முன்பே எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் பழைய ஆயில் நன்றாக இறங்கும். ஆயிலை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள், காரைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். கையேட்டில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்து மீதியை ஊற்றுங்கள். பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாமல், கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.