ஹெட் கழற்றுவதற்கு முன் ஹீற்றரைப் போட்டுப் பாருங்கள்

மட்டக்களப்பு வெக்கையில் கார் ஹீற்றரை யாரும் தொடுவதில்லை, ஏசி வேலை செய்தால் போதும். ஆனால் சூடேறும் வாகனத்தைக் கராஜில் விட்டு, "ஹெட் கழற்றத்தான் வேணும்" (எஞ்சினின் மேல்பகுதிதான் ஹெட்) என்று கேட்டுவிட்டு வருவதற்கு முன் அந்த ஹீற்றரை ஒருதரம் முழுச் சூட்டில் வைத்துப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் அதே கூலண்ட் திரவம்தான் டாஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேற்றருக்கும் போய் வருகிறது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும்போது ஹீற்றரில் குளிர்காற்று வந்தால் கூலண்ட் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தள்ளாமலும் இருக்கலாம். ரேஸ் கொடுக்கும்போது மட்டும் சூடு வந்தால் அனேகமாகக் கூலண்ட் குறைவுதான். உள்ளே போகும் இரண்டு ஹீற்றர் ஹோஸில் ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் அடைப்பு, இல்லையென்றால் வால்வு திறக்கவில்லை. கடலோரக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றினால் உப்பும் துருவும் சேர்ந்து அடைக்காமல் என்ன செய்யும்?

கால் வைக்கும் பக்கம் கார்பெட் நனைந்தால் பயப்பட வேண்டாம், முதலில் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஏசித் தண்ணீருக்கு வாசம் இருக்காது. இனிப்பு வாசமும் பிசுபிசுப்பும் இருந்தால், கண்ணாடியிலும் எண்ணெய் போன்ற மூட்டம் படிந்தால், அந்தக் குட்டி ரேடியேற்றர், அதாவது ஹீற்றர் கோர், ஒழுகுகிறது. இங்கே பலர் கோரை மாற்றாமல் இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் இணைத்துவிடுவார்கள். நம்மூர் ஓட்டத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் ஹோஸை அடைத்து மூடச் சொல்லாதீர்கள், சில எஞ்சின்களில் கூலண்ட் சுற்றுவதற்கு அந்த வழி தேவை.

இனி ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட். காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்தான் சந்தேகம். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினாலும் அப்படித்தான். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அந்த வாகனத்தை ஓட்டவே வேண்டாம், பேரிங் போய்விடும். ஆனால் எண்ணெய் சுத்தமாக இருப்பதை வைத்துக் கேஸ்கட் நல்லது என்று சொல்ல முடியாது, சிலிண்டருக்கும் கூலண்ட் வழிக்கும் நடுவில் மட்டும் வெடித்திருக்கலாம். எரிந்த வாயுவைப் பிடிக்கும் நீலத் திரவக் கருவி உள்ள கராஜைத் தேடுங்கள், பெற்றோல் எஞ்சினில் அது மஞ்சளானால் ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும். அருகருகே இருக்கும் இரண்டு சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைந்தாலும் அதே சந்தேகம்தான்.

கழற்றிய ஹெட்டை லேத்துக்கு அனுப்பாமல் புதுக் கேஸ்கட்டை வைத்துப் பூட்டினால் காசு வீண். வளைவைக் கட்டாயம் பார்க்க வேண்டும், பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. வெடிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருதரம் இழுபட்ட போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். நடுவிலிருந்து வெளியே, அந்த எஞ்சினின் மேனுவலில் சொன்ன படிகளில், இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும், "கை அளவு தெரியும் தம்பி" என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

கேஸ்கட் சும்மா வெடிப்பதில்லை. சூடேற்றியது எது? வேலை செய்யாத ஃபேனா, சூட்டுக்குத் திறக்காமல் இறுகிப்போன தெர்மோஸ்டாட் வால்வா, அழுத்தம் தாங்காத மூடியா, அடைத்த ரேடியேற்றரா? அதைக் கண்டுபிடிக்காமல் வண்டியை எடுத்துவராதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனிச் சூடாகாது" என்பவர்களும் இருக்கிறார்கள், அது இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் எண்ணெய்யும் பெற்றோலும்தான் வீணாகும்.

கூலண்ட் நிரப்பும்போது ஹீற்றரைச் சூட்டிலேயே வைத்து, குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். அப்புறம் சில நாள் ஊருக்குள்ளேயே ஓடி, காலையில் மட்டத்தைப் பாருங்கள். அது குறையாமல் நின்றால் செங்கலடியில் திரும்பிப் பதுளைக்கு ஏறலாம். லுணுகலை, பசறை ஏற்றத்தில் முள் அசைந்தால் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, ஹீற்றரை முழுதாகப் போட்டு ஓரமாக நிறுத்துங்கள்.