அலைச்சறுக்குப் பிரியருக்குப் பண்டிகைப் பரிசு: எங்கே தவறுகிறோம்?

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றபோது, இந்த விளையாட்டைக் கவனிக்காதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அலையேறக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். இன்று சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஒரு பலகை சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. தீபாவளியோ கிறிஸ்துமஸோ பொங்கலோ வந்தால், அந்தப் பலகைக்காரருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று வீட்டார் தேடுகிறார்கள். ஆசையாக வாங்கிய பொருள் ஒரே மாதத்தில் பரணுக்குப் போவதைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. கொஞ்சம் விசாரித்திருந்தால் போதும், அதே பணத்தில் அவர் தினமும் தொடும் பொருளை வாங்கியிருக்கலாம்.

பெரிய தவறு, சொல்லாமல் கொள்ளாமல் பலகையையே வாங்கிவிடுவது. பலகையின் நீளத்தை மட்டும் பார்த்து வாங்க முடியாது. அகலம், தடிமன், எல்லாவற்றுக்கும் மேலாக லிட்டரில் சொல்லப்படும் கொள்ளளவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் கற்றுக்கொள்ளும் காலத்தில் 70 லிட்டர் பலகையில் நிம்மதியாக மிதப்பார். அதே எடையுள்ள கைதேர்ந்தவர் 27, 28 லிட்டர் பலகையைக் கேட்பார். கடையில் பளபளப்பாக நிற்கும் குட்டிப் பலகையைப் புதியவருக்குக் கொடுத்தால், அவர் ஓர் அலையைக்கூடப் பிடிக்காமல் கை ஓய்ந்து கரைக்குத் திரும்புவார். பலகைதான் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால், பணத்தைக் கொடுத்துத் தேர்வை அவரிடமே விட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பலகையின் அடியில் பொருத்தும் துடுப்பு, அதாவது ஃபின், இன்னொரு பொறி. பார்க்க ஒரேபோல் இருந்தாலும் எல்லா ஃபினும் எல்லாப் பலகையிலும் பொருந்தாது. எஃப்சிஎஸ் வகையில் அடிப்பகுதியில் இரண்டு பற்கள் இருக்கும். ஃப்யூச்சர்ஸ் வகையில் நீளமான ஒரே பல். ஒன்றின் குழியில் மற்றொன்று உட்காராது. அளவும் எடையைப் பொறுத்தது: 65 முதல் 80 கிலோ வரை உள்ளவர்கள் பொதுவாக நடுத்தர அளவை எடுப்பார்கள். வாங்குவதற்கு முன் பலகையைத் திருப்பி, அந்தக் குழிகளை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பலகை விலகிப் போகாமலிருக்க அதைக் காலோடு இணைத்துக் கட்டும் கயிறு, அதாவது லீஷ், நல்ல பரிசு. அது தேய்ந்து அறுந்துபோகும் பொருள் என்பதால் எப்போதும் தேவைப்படும். ஆனால் அதன் நீளம் ஏறக்குறையப் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆறடிப் பலகைக்கு ஆறடி, ஒன்பதடிக்கு ஒன்பதடி. மலிவு என்பதற்காகக் குட்டையானதை வாங்கினால், விழுந்தவரின் முகத்தை நோக்கிப் பலகை சுண்டித் திரும்பும். லீஷ் புதிதாக வந்த 1970களின் தொடக்கத்தில், குளிர்நீரில் அணியும் ரப்பர் உடைக்குப் (வெட்சூட்) பேர்போன ஜாக் ஓநீல் தம் இடக்கண்ணை இழந்தது அப்படிச் சுண்டி வந்த பலகையால்தான்.

அடுத்தது, குளிர்நாட்டுப் பட்டியலைப் பார்த்து நம் கடலுக்கு வாங்குவது. இணையத்தில் கிடைக்கும் பரிசுப் பட்டியல்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதப்பட்டவை. தடித்த ரப்பர் உடை, கம்பளிபோல் கனத்த அங்கி எல்லாம் அங்கே உயிர்காக்கும். சென்னைக் கடலில் அவை வெறும் வேர்வைதான். இங்கே தேவைப்படுவது முழுக்கை லைக்ரா மேற்சட்டை. துவட்டிக்கொள்ள நம்மூர் ஈரிழைத் துண்டு கனத்த டவலைவிட எவ்வளவோ மேல், சீக்கிரம் காய்ந்துவிடும். மெழுகிலும் இதே கதை. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகை நீரின் வெப்பத்துக்கு ஏற்பப் பிரித்து விற்கிறார்கள். நம் கடலுக்கு வெப்பமண்டல வகைதான் சரி. குளிர்நீர் மெழுகு இந்த வெயிலில் குழைந்து வழியும். சரியான மெழுகு நான்கு கட்டி வாங்கிக் கொடுத்தால் அவர் மனமாரச் சந்தோஷப்படுவார். விலையைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம்.

பலகையின் விரிசலை ஒட்டும் பசைப் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டர் பிசின் பழைய பாணிப் பாலியூரிதேன் பலகைக்கு மட்டுமே பொருந்தும். எபாக்ஸி பலகைக்குள் பெரும்பாலும் இருப்பது பாலிஸ்டைரின் நுரை; பாலியெஸ்டர் பிசின் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். எது என்று தெரியாவிட்டால் எபாக்ஸி பிசினையே வாங்குங்கள். அது இரண்டுக்கும் ஆகும்.

சன்ஸ்கிரீன் வாங்கினால் துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. கைக்கடிகாரம் என்றால் நீர்புகாத் திறன் 100 மீட்டர் என்று போட்டிருக்க வேண்டும். 30 மீட்டர் என்பது மழைத்தூறலுக்கும் கைகழுவுவதற்கும்தான்.

பயணத்தையோ பயிற்சியையோ பரிசாகக் கொடுப்பவர்கள் பருவத்தை மறந்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனெனில் செலவும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். இலங்கையின் அறுகம்பை உலகப் புகழ் பெற்ற இடம்தான். ஆனால் அங்கே அலை நன்றாக இருப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டால் மழையைத்தான் பார்க்கலாம். அந்த மாதங்களில் போக வேண்டியது தென்மேற்குக் கரையில் உள்ள வெலிகம, ஹிக்கடுவ பக்கம். நம் கரையிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடலைக் கலக்கிவிடும். தீபாவளிக்குக் கொடுக்கும் பயிற்சிச் சீட்டு டிசம்பரோடு காலாவதியானால் புதியவருக்கு அதனால் பயனில்லை. அடுத்த ஆடி, ஆவணி வரை செல்லுமா என்று பள்ளியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அலைப் படம் போட்ட கோப்பை, பலகை வடிவச் சாவிக்கொத்து போன்றவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்குப் போகிறவருக்கு அவை தேவையில்லை.

செலவே செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும் அல்லது கரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். அப்போதுதான் அலை சீராக எழும். வெயில் ஏறியதும் கடற்காற்று எதிரே வந்து நீரைக் குலைத்துவிடும். ஆகவே ஞாயிறு காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை பிள்ளைகளையும் பால் வாங்குவதையும் நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு என்று நாட்காட்டியில் குறித்தே கொடுத்தால் இன்னும் நல்லது.